நீங்கள் இல்லாமல் அந்தக் கூட்டம் செல்லாது

மருத்துவமனை நெறிமுறைக் குழுக்களில் பொது உறுப்பினராக அமர்ந்திருக்கும் உங்களுக்கு,



நீங்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம். வங்கி மேலாளராக இருந்திருக்கலாம், முதியோர் இல்லம் நடத்திக்கொண்டிருக்கலாம், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த பெரிய மனிதராக இருக்கலாம். பழக்கமான டாக்டர் ஒருவர் "மாசத்துக்கு ஒரு மீட்டிங்தான் சார், வந்து உக்காந்தா போதும்" என்று கூப்பிட்டிருப்பார். நீங்களும் போயிருப்பீர்கள். மேசைமேல் தடித்த கோப்புகள் அடுக்கியிருக்கும். மருந்தியல் பேராசிரியரும் புற்றுநோய் மருத்துவரும் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசிக்கொள்வார்கள். எல்லாம் முடிந்த பிறகு தலைவர் உங்கள் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது கேக்கணுமா சார்?" என்பார். அதற்குள் அடுத்த கோப்பை ஒருவர் பிரித்திருப்பார்.

அந்த மேசையில் நானும் சில ஆண்டுகள் உங்களைப் போலவே பொது உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் இருக்கையின் பலத்தை உங்களிடம் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். 2019 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஒரு மருந்து ஆய்வுக்கு அனுமதி தர நெறிமுறைக் குழு கூடும்போது குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும். மருத்துவ அறிவியலாளர் ஒருவர், சிகிச்சை தரும் மருத்துவர் ஒருவர், சட்டம் அறிந்தவர் ஒருவர், சமூகவியலாளரோ தொண்டு நிறுவனப் பிரதிநிதியோ ஒருவர், ஐந்தாவதாகப் பொதுமக்களில் ஒருவர். அந்த ஐந்தாவது ஆள் நீங்கள். நீங்கள் வராத அன்று ஐம்பது பேராசிரியர்கள் கூடியிருந்தாலும் அவர்கள் எடுக்கும் முடிவு செல்லாது. சட்டம் உங்களை அலங்காரத்துக்கு அழைக்கவில்லை. நோயாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசிக்கும் ஒரு தலை அந்த அறையில் இருக்க வேண்டும் என்றுதான் அழைத்திருக்கிறது.

எல்லாக் கோப்புகளையும் பற்றி நான் பேசவில்லை. ஒரு வகைக் கோப்பு வரும். அதன் தலைப்பு இரண்டு மூன்று வரி நீளும்: முற்றிய நிலைத் திடக்கட்டிகள் உள்ள நோயாளிகளிடம் இன்ன எண்ணிட்ட ஆன்டிபாடியின் பாதுகாப்பு, உடல் தாங்கும் அளவு, மருந்து உடலில் இயங்கும் விதம் ஆகியவற்றை அறியும் முதல் கட்ட ஆய்வு. ஆன்டிபாடி என்பது உடலில் குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டும் ஒரு புரத மருந்து. அதற்குப் பெயர்கூட இருக்காது. மூன்று எழுத்தும் சில எண்களும் இருக்கும். அந்தத் தலைப்பை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நோய் குணமாகுமா என்பது அதில் எங்கேயும் கேட்கப்படவில்லை. எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்பதுதான் கேள்வி. கோப்பை எழுதியவர்கள் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த நேர்மை நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. என் மனத்தாங்கல் அதுதான்.

இத்தகைய ஆன்டிபாடி மருந்துகள்மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் புற்றுநோய் உயிரணுக்களை அடையாளம் கண்டு அழிக்க வல்லவை. அவை கட்டுமீறிப் போகாமலிருக்க உடம்பே சில தடுப்புகளை வைத்திருக்கிறது. பி.டி.-1 என்பது அப்படி ஒரு தடுப்பு. ஜப்பானில் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992இல் அதைக் கண்டறிந்தது. கட்டிகள் இந்தத் தடுப்பைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டு தப்பிக்கின்றன. அதை மறைக்கும் ஒரு ஆன்டிபாடியைச் செலுத்தினால் டி செல்கள் மறுபடி வேலைக்குத் திரும்பும். இந்த வகைச் சிகிச்சையைத்தான் இம்யூனோதெரபி என்கிறார்கள். இதே வழியில் வேறொரு தடுப்பை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பி.டி.-1ஐ மறைக்கும் ஆன்டிபாடியாக இன்று உலகெங்கும் பயன்படும் நிவோலுமாப் என்ற மருந்தும் ஒரு காலத்தில் எண்ணிட்ட புட்டியாகத்தான் இருந்தது. 2006இல் தொடங்கிய அதன் முதல் ஆய்வில் முற்றிய திடக்கட்டி உள்ள 39 பேர் சேர்ந்தார்கள். பெருங்குடல் புற்று உள்ள ஒருவருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. மெலனோமா என்ற தோல் புற்று உள்ள ஒருவருக்கும் சிறுநீரகப் புற்று உள்ள ஒருவருக்கும் கணிசமாகச் சுருங்கியது. மொத்தம் மூன்று பேர். மருத்துவ உலகம் அந்த மூன்று பேரைப் பார்த்துத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தது. 2012இல் 296 பேரின் முடிவுகள் வெளியாயின. மெலனோமாவில் 28 சதவீதம் பேருக்கும், நுரையீரல் புற்றில் 18 சதவீதம் பேருக்கும் கட்டி சுருங்கியிருந்தது. அதே கட்டுரையில் இன்னொரு வரியும் உண்டு: மருந்தால் வந்த நுரையீரல் அழற்சியில் மூன்று பேர் இறந்தார்கள். புராஸ்டேட் புற்றிலும் பெருங்குடல் புற்றிலும் ஒருவருக்கும் பலன் தெரியவில்லை. முதல் ஆய்வில் அதிசயம் நடந்தது பெருங்குடல் புற்று உள்ள ஒருவருக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் கிடைக்கும் ஒரு நல்ல செய்தியை நம்பி அடுத்தவருக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

வென்ற மருந்தின் கதை இது. தோற்றவற்றையும் சேர்த்துப் பார்த்தால்? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் 1991 முதல் 2002 வரை நடந்த 460 முதல் கட்ட ஆய்வுகளை 2005இல் தொகுத்துப் பார்த்தார்கள். பங்கேற்றவர்கள் கிட்டத்தட்ட 12,000 பேர். கட்டி சுருங்கியது ஏறத்தாழ நூற்றில் பதினோரு பேருக்கு. மனித உடலில் முதன்முதலாகச் செலுத்தப்படும் மருந்துகளை மட்டும் பிரித்தால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. எல்லா ஆய்வுகளையும் சேர்த்தால் மருந்தாலேயே இறந்தவர்கள் இருநூறில் ஒருவர். 2000 முதல் 2019 வரையிலான இன்னொரு தொகுப்பில் நிலைமை தேறியிருக்கிறது. கடைசி ஆண்டுகளில் கட்டி சுருங்கியவர்கள் நூற்றில் பதினெட்டு பேர் வரை உயர்ந்திருந்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் சுருங்கியது என்பதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல், கட்டிகளின் விட்டங்களைக் கூட்டினால் முப்பது சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும் என்பது. குணமானது என்று அதற்குப் பொருள் இல்லை. கூடுதல் நாள் வாழ்ந்தார் என்றும் அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

இனி, கூட்டத்தில் டாக்டர்கள் ஒரே வரியில் கடந்துவிடும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். முதல் கட்ட ஆய்வில் மருந்தின் அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? பரவலாக உள்ள முறையில் முதல் மூன்று பேருக்கு மிகக் குறைந்த அளவு கொடுப்பார்கள். மூன்று நான்கு வாரம் காத்திருந்து, கடுமையான பாதிப்பு இல்லையென்றால் அடுத்த மூன்று பேருக்கு அளவைக் கூட்டுவார்கள். அதற்கடுத்த மூன்று பேருக்கு இன்னும் கூட்டுவார்கள். உடம்பு தாங்காத எல்லை வரும்வரை இப்படியே போகும். முதலில் வந்து சேர்ந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேலை செய்யாத அளவு. கடைசியில் வந்தவருக்குக் கிடைப்பது தாங்க முடியாத அளவாக இருக்கலாம். எந்த வரிசையில் நிற்கிறோம் என்பது நோயாளிக்குத் தெரியாது. அந்தத் தேதிக்கு எந்தப் படி நடந்துகொண்டிருக்கிறதோ அதில்தான் அவர் சேர்வார்.

ஆய்வு முறையாக இதில் குற்றம் இல்லை. முதல் கட்டத்தில் ஏதோ ஒரு வகையில் அளவைப் படிப்படியாகக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பல ஆன்டிபாடிகளில் அந்த எல்லை தட்டுப்படுவதே இல்லை. தட்டுப்படும் இடத்தில் விலை பெரிது. யூரெலுமாப் என்ற ஆன்டிபாடியைத் தொடக்கத்தில் கூடுதல் அளவில் கொடுத்தபோது கல்லீரல் பழுதாகி இரண்டு பேர் இறந்தார்கள். ஆய்வை நிறுத்திவிட்டு, பிறகு ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிகிராம் என்ற சிறு அளவில் மறுபடி தொடங்கினார்கள். அந்த அளவில் கல்லீரல் தாங்கியது, ஆனால் தனி மருந்தாக அது பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. இப்படி ஒரு தேடலுக்குத் தன் உடம்பைத் தருபவருக்கு, 'நீங்கள் தேடலில் ஒரு படி' என்று சொல்ல வேண்டாமா?

வார்டு வராந்தாவில் இந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்கிறது என்று நின்று கேட்டிருக்கிறீர்களா? கீமோ மூன்று வகை மாற்றிப் பார்த்தாயிற்று. இனிமேல் கொடுக்க ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. அப்போது கோட் போட்ட ஒரு இளம்பெண் கோப்போடு வருகிறாள். "புது மருந்து ஒண்ணு ட்ரையல்ல இருக்கும்மா. இம்யூனோதெரபி. வெளியில போட்டா லட்சக்கணக்குல ஆகும், இதுல எல்லாமே ஃப்ரீ. பஸ் செலவும் குடுத்துருவாங்க." மருமகள் கேட்கிறாள்: "அத்தைக்குச் சரியாயிடுமா?" அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "வெளிநாட்டுல நல்ல ரிசல்ட் வந்திருக்கு" என்கிறாள். பொய் சொல்லிவிட்டாள் என்று அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு மேல் பேச அவளுக்குப் பயிற்சியும் இல்லை, நேரமும் இல்லை. கட்டில்மேல் வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குகிறாள். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பக்கத்துக் கட்டில்காரரின் மகன் கையெழுத்துப் போடுகிறான்.

இலவசம் என்று கேட்டதுமே அந்தக் குடும்பத்தின் பாதி முடிவு முடிந்துவிடுகிறது. வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே அடகில் இருக்கும்போது அது நியாயமும்கூட. அதனால்தான் மிச்சப் பாதியை நாம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

'உண்மையைச் சொன்னால் நோயாளி மனம் உடைந்துவிடுவார்' என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். நான் பல முறை கேட்ட வாதம். நம் ஜனங்களை இதைவிடக் குறைவாக மதிப்பிட முடியாது. தாலிச் செயினை விற்றுக் கீமோ பார்த்த குடும்பத்துக்கு, நூற்றில் ஐந்து என்ற கணக்கு புரியாதா? புரியும். புரிந்த பிறகும் பலர் சேர்வார்கள். 'எனக்கு உதவாட்டியும் பின்னால வர்றவங்களுக்கு உதவட்டும்' என்று ஆய்வில் சேர்கிறவர்களும் உண்டு. அதைவிடப் பெரிய கொடை எது? கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால்தான் அது கொடை. தெரியாமல் கை மாறினால் அதற்கு வேறு பெயர்.

நாள் கணக்கையும் கேளுங்கள். இத்தகைய ஆய்வுகளில் குறைந்தது 12 வாரமாவது உயிர்வாழ வாய்ப்புள்ளவர் என்பது வழக்கமான சேர்க்கை நிபந்தனை. அப்படியானால் சேர்கிறவரின் கையில் இருப்பது சில மாதங்கள். அதில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் போகும்? மருந்து ஏற்றிய அன்று ரத்தம் எடுப்பார்கள். மறுநாள், எட்டாம் நாள், பதினைந்தாம் நாள் என்று மறுபடி மறுபடி எடுப்பார்கள். மருந்து உடலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அறிய அது தேவை. பல ஆய்வுகளில் மருந்துக்கு முன்னும் பின்னும் கட்டியிலிருந்து ஊசி போட்டுச் சதை எடுப்பார்கள். நோயாளியின் சிகிச்சைக்கு அந்த இரண்டாவது ஊசியால் ஒரு பயனும் இருக்காது, அறிவியலுக்கு இருக்கும். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வரும் ஒருவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு முழு நாள், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி. இவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக, 'முதல் மூன்று மாதத்தில் இத்தனை நாள்' என்று ஏன் முதல் பக்கத்தில் போடக் கூடாது? கோப்பின் பின்பகுதி அட்டவணையில் அந்தக் கணக்கு இருக்கத்தான் செய்கிறது. நம்மில் யாராவது அதைக் கூட்டிப் பார்த்தால் போதும்.

நிபுணர்களுக்கே கேட்கத் தோன்றாத கேள்விகள் உண்டு என்பதற்கு லண்டன் சாட்சி. 2006 மார்ச் 13ஆம் தேதி, நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டி.ஜி.என்.1412 என்ற ஆன்டிபாடியை ஆரோக்கியமான இளைஞர்கள் ஆறு பேருக்குச் செலுத்தினார்கள். இன்னும் இரண்டு பேருக்கு வெறும் திரவம். குரங்குகளுக்குப் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் விட்டது சுமார் பத்து நிமிடம். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குளிர் நடுக்கம் என்று ஆரம்பித்தது. அந்த நேரத்தில் ஆறு பேருக்கும் மருந்து ஏறி முடிந்திருந்தது. ஆறு பேருக்கும் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. உயிர் பிழைத்தார்கள், ஒருவர் கால்விரல்களையும் விரல்நுனிகளையும் இழந்தார். நெறிமுறைக் குழுவின் அனுமதி, அரசின் அனுமதி, கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் எல்லாம் அங்கே சரியாகவே இருந்தன. முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு நாள் காத்திருந்தால் என்ன என்று கேட்க அறிவியல் பட்டம் தேவையில்லை. வீட்டில் புதுக் காளானைச் சமைக்கும் எந்த அம்மாவும் கேட்டிருப்பார். இப்போது அந்த இடைவெளி வழக்கமாகிவிட்டது, ஆனால் உங்கள் கோப்பில் எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கிறது என்பதை நீங்களே விரல் வைத்துப் பாருங்கள். அதே மருந்து வேறு பெயரில், மிகமிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கி, பிற்பாடு ரஷ்யாவில் திடக்கட்டி நோயாளிகளிடமும் ஆராயப்பட்டது. மருந்துகள் ஒரே அடியில் ஒழிந்துபோவதில்லை.

எல்லாப் படிவங்களிலும் ஒரு வரி இருக்கும்: 'நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்.' மிக நல்ல வரி, சட்டம் தரும் உரிமை. மாத்திரை ஆய்வு என்றால் பெரும்பாலும் முழு உண்மையும்கூட. ஆன்டிபாடி அப்படி இல்லை. நிவோலுமாப்பை எடுத்துக்கொண்டால், உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 25 நாள் ஆகும். கிட்டத்தட்ட நான்கு மாதம் உள்ளே இருக்கும். நோயாளி விலகலாம், ஆனால் மருந்து அவரைவிட்டு உடனே விலகாது. தூண்டிவிட்ட நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கத் தொடங்கினால் அது குடலாக இருக்கலாம், நுரையீரலாக, கல்லீரலாக, தைராய்டாக, அரிதாக இதயத் தசையாகவும் இருக்கலாம். வாரங்கள் கழித்து வரலாம், மருந்தை நிறுத்தி மாதங்கள் கழித்தும் வரலாம். அளவைக் கூட்டலாமா என்று முடிவு செய்ய ஆய்வாளர்கள் காத்திருக்கும் அந்த மூன்று நான்கு வாரத்துக்குள் வந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அப்படி வரும்போது அவர் எங்கே இருப்பார்? ஊரில் இருப்பார். ஒரு நாளைக்குப் பத்து முறை வயிற்றால் போகிறது என்று பக்கத்துத் தெரு டாக்டரிடம் போவார். அவர் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் பேதி நிற்கும் மாத்திரையும் கொடுப்பார். சாதாரண வயிற்றுப்போக்குக்குச் சரியான வைத்தியம். ஆனால் இவருக்கு, நோயெதிர்ப்பை அடக்க, அன்றே ஸ்டீராய்டு ஆரம்பித்திருக்க வேண்டும். அந்த டாக்டரிடம் காட்ட நோயாளியின் பர்ஸில் ஒரு அட்டை இருந்தால் போதும்: இவருக்கு இன்ன வகை ஆன்டிபாடி செலுத்தப்பட்டுள்ளது, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், மஞ்சள்காமாலை எது வந்தாலும் மருந்தின் விளைவாக இருக்கலாம், உடனே இந்த எண்ணில் கூப்பிடவும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் யாராவது எடுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். அந்த எண்ணை அனுமதி கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பாருங்கள்.

இழப்பீட்டு விவகாரம் எனக்கு இன்றும் கசக்கிறது. மருந்து ஆய்வால் ஒருவர் இறந்தால் இழப்பீட்டைக் கணக்கிட விதிகளில் ஒரு சூத்திரம் உண்டு. எட்டு லட்சம் ரூபாய் அடிப்படைத் தொகை. அதை வயதுக்கான ஒரு எண்ணாலும், நோயின் தீவிரத்துக்கான ஒரு எண்ணாலும் பெருக்கி, 99.37ஆல் வகுப்பார்கள். அந்த இரண்டாவது எண் நலமான தன்னார்வலருக்கு 4. ஆறு மாதத்துக்கு மேல் வாழ வாய்ப்பில்லாதவருக்கு 0.5. அதாவது 65 வயதில் நலமாக இருப்பவர் உயிருக்கு 32 லட்சம் என்றால், அதே வயதில் அந்த நிலையில் உள்ள புற்றுநோயாளி உயிருக்கு 4 லட்சம். விதியை மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை. ஆனால் அந்த மரணம் நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா என்ற கேள்வி நம் மேசைக்கு வருகிறது. தீவிர பாதிப்பு எதுவானாலும் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மரணம் என்றால் நெறிமுறைக் குழு 30 நாளுக்குள் இழப்பீடு பற்றிய தன் கருத்தோடு அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். 'நோய் முற்றியதால் இறந்தார்' என்று ஒரு வரி எழுதுவது எளிது. நுரையீரல் புற்று உள்ளவருக்கு மூச்சுத்திணறல் வந்தால் கட்டியா, மருந்தின் அழற்சியா என்று சி.டி. ஸ்கேன் பார்க்காமல் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்தார்களா, ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இறந்துபோனவருக்காக அந்த அறையில் கேட்க வேறு ஆள் இல்லை.

இன்னொன்றும் நடக்கும். மருந்து ஒருவருக்கு வேலை செய்துகொண்டிருக்கும்போதே நிறுவனம் அதைக் கைவிடலாம். டிராகோலுமாப் என்ற ஆன்டிபாடியின் கதையைப் பாருங்கள். டிஜிட் என்ற இன்னொரு தடுப்பைக் குறிவைத்து ரோஷ் நிறுவனம் உருவாக்கியது. 135 நுரையீரல் புற்று நோயாளிகளிடம் நடத்திய இரண்டாம் கட்ட ஆய்வின் முடிவு 2020இல் வந்தபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. போட்டி நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின. 2024 நவம்பரில், 534 பேர் கொண்ட மூன்றாம் கட்ட ஆய்வு ஆயுள் நீட்டிப்பை நிரூபிக்கவில்லை என்று ரோஷே அறிவித்தது. மெர்க் நிறுவனமும் தன் டிஜிட் ஆன்டிபாடியின் பெரிய ஆய்வுகளை அந்த ஆண்டே நிறுத்தியது. வியாபாரத்தில் இது நியாயமான முடிவு. ஆனால் அந்த நூற்றுக்கணக்கானோரில் கட்டி சுருங்கி, நடமாடிக்கொண்டிருந்த ஒருவர் இருந்திருந்தால்? நம் விதிகளில் இதற்கு இடம் உண்டு. மருந்தால் பயன் கண்டவருக்கு, மாற்று மருந்து இல்லாத நிலையில், ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தால் ஆய்வு முடிந்த பிறகும் இலவசமாகத் தர வேண்டும். அந்த ஒப்புதலைத் தர வேண்டியது நீங்கள். அதை நிறுவனம் கடையை மூடிய பிறகு கேட்காதீர்கள். அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். ஆய்வின் முடிவு என்ன ஆயிற்று என்று குடும்பத்துக்கு ஒரு பக்கத் தமிழ்க் கடிதம் அனுப்புவதையும் அதோடு சேருங்கள். தோற்ற மருந்து என்றாலும் அவர்கள் வீட்டு ஆள் அதில் பங்கேற்றிருக்கிறார்.

ஆய்வுகளுக்கு முட்டுக்கட்டை போடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு இம்யூனோதெரபி கட்டுப்படியாவது, நம்மைப் போன்ற நாடுகளில் நூற்றில் ஒருவர் முதல் மூன்று பேருக்குத்தான் என்ற நிலையில், அங்குள்ள மருத்துவர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள். வழக்கமாக 240 மில்லிகிராம் கொடுக்கும் நிவோலுமாப்பை வெறும் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? 151 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதம், குறைந்த அளவு ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். 2022இல் முடிவு வெளியானது. நம் நோயாளியின் சட்டைப்பையைப் பார்த்து எழுந்த கேள்வி அது. அப்படி ஒரு கோப்பு வந்தால் இரண்டு கையையும் தூக்குங்கள். மற்ற கோப்புகளைப் பார்த்து, 'இது யாருடைய கேள்வி? இதற்கு விடை கிடைத்தால் இந்த வார்டில் இருப்பவருக்கு அந்த மருந்து எட்டுமா?' என்று கேட்கவும் அந்த ஆய்வு உங்களுக்குத் தைரியம் தரட்டும்.

இவ்வளவையும் நீங்கள் ஒருவரே கட்டி இழுக்க முடியாது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. முதல் கட்ட ஆன்டிபாடி ஆய்வு எதுவானாலும், அனுமதி பற்றிப் பேச்சு எடுப்பதற்கு முன், நோயாளிக்குத் தரப்போகும் தமிழ்த் தகவல் தாளைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். முதல் பக்கத்திலிருந்து கையெழுத்துக் கோடு வரை, நீங்களே படியுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார், பார்க்கட்டும். நாம் எட்டுப் பேர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கேட்க முடியாத ஒன்றை, வலியோடு படுத்திருப்பவர் கையில் கொடுத்து ஒரு மணி நேரத்தில் கையெழுத்து வாங்க நமக்கு என்ன உரிமை?

படிக்கும்போது, இது சிகிச்சை அல்ல, அளவு தேடும் ஆய்வு என்பது முதல் பக்கத்திலேயே வருகிறதா என்று கவனியுங்கள். முதலில் சேர்பவருக்கும் கடைசியில் சேர்பவருக்கும் வெவ்வேறு அளவு என்பது வருகிறதா? எத்தனை நாள் வர வேண்டும், எத்தனை முறை சதை எடுப்பார்கள், விலகினாலும் மருந்து எத்தனை மாதம் உள்ளே இருக்கும் என்பதெல்லாம் வருகிறதா? உங்களுக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி, "எனக்குப் புரியல டாக்டர்" என்று சொல்லுங்கள். அந்த அறையில் அப்படிச் சொல்லும் தகுதி உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்கள் சொன்னால் அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். திருத்தி வரும்வரை அனுமதியை ஒத்திவைக்கச் சொல்லுங்கள். ஆய்வு தொடங்கிய பிறகு, ஒப்புதல் பெற்றபோது எடுத்த வீடியோ பதிவுகளில் ஏதாவது இரண்டை அடுத்த கூட்டத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். புதிய மூலக்கூறு ஆய்வுகளில் நலிந்த நிலையில் உள்ளவர்களிடம் ஒப்புதல் பெறும்போது அப்படிப் பதிவு செய்வது கட்டாயம். அலமாரியில் பூட்டி வைக்க அதை எடுக்கவில்லை.

குழுவில் பெரும்பான்மையினர் இதற்கு உடன்படாமல் அனுமதி கொடுத்தால், உங்கள் மறுப்பையும் அதற்கான காரணத்தையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

அன்புடன்,
முன்னாள் பொது உறுப்பினர் ஒருவர்